32 வயதுக் கைகளுக்கு என்ன விலை?

2016 ஜனவரி 16, அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல். அமெரிக்கக் கால்பந்தில், தோற்றால் வெளியேறவேண்டிய பிளே ஆஃப் ஆட்டம். ஆட்டத்தின் கடைசி நொடியில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஆரன் ராட்ஜர்ஸ் வானுயர எறிந்த பந்தை அவர் அணிக்காரரே பிடித்துவிட, வென்றுவிட்டோம் என்றிருந்த அரிசோனா கார்டினல்ஸ் அணி கூடுதல் நேரத்துக்குள் இழுக்கப்பட்டது. அந்தக் கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியிலேயே கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக் கார்சன் பால்மர் பிடிபடப் பார்த்தார். சுழன்று தப்பி வலப்பக்கம் ஓடியவர், பந்தை மைதானத்தின் மறுகோடிக்கு எறிந்தார். அங்கே ஒருவர் தன்னந்தனியாக நின்றிருந்தார். வாங்கிய பந்தோடு இருவர் மூவரை உதறிக்கொண்டு ஓடி, எதிரணிக் கோட்டுக்கு 5 யார்டு தூரத்தில்தான் விழுந்தார். மொத்தம் 75 யார்டு. அடுத்த சில நொடிகளில் அவரே பந்தை உள்ளே கொண்டுபோய் ஆட்டத்தை முடித்தார். 26-20.

அவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். அப்போது வயது 32. அன்று 8 பந்துகளைப் பிடித்து 176 யார்டு எடுத்தார். பதினோரு மாதங்களுக்கு முன்னால் இதே மனிதருக்கு என்ன சம்பளம் கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நியாயமான கேள்வி. அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன். வயதாகும் ஒரு ரிசீவரை எப்படி எடைபோடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு. குவார்ட்டர்பேக் எறிவார், ரிசீவர் தன்னைக் காவல் காப்பவரிடமிருந்து விலகி ஓடி, பந்தைப் பிடிப்பார். முன்கூட்டியே வகுத்த அந்த ஓட்டப் பாதைக்கு ரூட் என்று பெயர். பிடித்த பந்துகள், கடந்த யார்டுகள், போட்ட டச் டவுன்கள் (பந்தை எதிரணிக் கோட்டுக்குள் கொண்டுபோவது) என்று மூன்று கணக்கு எழுதுவார்கள். இந்த மூன்றுமே ரிசீவர் ஒருவரின் உழைப்பு அல்ல என்பதுதான் முதல் சிக்கல். பந்து அவரை நோக்கி வரவேண்டும், நேரத்துக்கு வரவேண்டும், பிடிக்கிற உயரத்தில் வரவேண்டும்.

ஃபிட்ஸ்ஜெரால்ட், அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2004 தேர்வில் மூன்றாவது ஆளாக அரிசோனாவுக்கு வந்தவர். 2008 பருவத்தின் பிளே ஆஃப் ஆட்டங்களில் மட்டும் 546 யார்டும் 7 டச் டவுனும் எடுத்து அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனவர். 2011 ஆகஸ்டில், 28 வயதை எட்டவிருந்த சமயத்தில், அணி அவருக்கு 8 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியது. அந்த ஆண்டு 80 பந்து, 1,411 யார்டு. பிறகு சரிவு. 2012இல் 71 பந்து, 798 யார்டு. 2013இல் 954. 2014இல் 63 பந்து, 784 யார்டு, வெறும் 2 டச் டவுன்.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆயிரத்தைத் தொடவில்லை. வயது 31. கோடு கீழ்நோக்கிப் போகிறது, ஆள் முடிந்துவிட்டார் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் 2012ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்த ஆண்டு அவரை நோக்கி 156 பந்துகள் எறியப்பட்டன. பிடித்தது 71. பாதிகூட இல்லை. கை கெட்டுப்போயிற்றா? அந்தப் பருவத்தில் அரிசோனாவுக்குக் குவார்ட்டர்பேக்காக ஆட்டம் தொடங்கியவர்கள் நான்கு பேர்: கெவின் கோல்ப், ஜான் ஸ்கெல்டன், ரயன் லிண்ட்லி, பிரையன் ஹோயர். நால்வரும் சேர்ந்து எறிந்த டச் டவுன் 11. எதிரணி கையில் கொடுத்த பந்து 21. இந்த வரியைப் படித்துவிட்டு ரிசீவரின் 798 யார்டைத் திரும்பப் பார்த்தால் அது வேறு எண்ணாகத் தெரியும். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது வாளியைக் குறை சொல்வது போலத்தான் அந்த ஆண்டின் விமர்சனம் பெரும்பாலும் இருந்தது.

2014ம் அப்படித்தான். பால்மர் 6 ஆட்டங்களோடு முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் முழங்காலில் அடி. இரண்டு ஆட்டம் ஆடவில்லை. மாற்றுக் குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டே அணி 11 ஆட்டம் வென்றது என்பது வேறு கதை.

ஆக, சரிவு முழுவதும் பிறர் தப்புதானா? அப்படிச் சொன்னாலும் பொய். ஃபிட்ஸ்ஜெரால்ட் மெதுவாகிக்கொண்டுதான் இருந்தார். இளமையிலேயே மின்னல் வேகக்காரர் அல்ல. ஆறடி மூன்றங்குல உடம்பு, இரும்புப் பிடி, உயரத் தாவி எடுக்கும் திறமை, இவைதான் அவர் சொத்து. முப்பதைத் தாண்டிய ரிசீவரிடம் முதலில் போவது நேர்க்கோட்டு வேகம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னாலேயே போவது வேறொன்று: ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்பும் அந்த அரை நொடி. அந்த அரை நொடியில்தான் காவல்காரரிடமிருந்து ஓரடி இடைவெளி கிடைக்கிறது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அடியிலிருந்து அடுத்த ஞாயிறுக்குள் எழுந்துவரும் சக்தி. இருபத்தைந்தில் புதன்கிழமையே போய்விடுகிற வலி, முப்பத்திரண்டில் சனிக்கிழமை வரை இருக்கும்.

கை மட்டும் மூப்படைவது மிகத் தாமதம். பாதைகளைப் படிக்கும் கண்ணும் மூளையும் அனுபவத்தால் கூடத்தான் செய்யும். ஆகவே எடைபோடுபவர் கேட்கவேண்டியது இது: அவரிடம் எது போயிருக்கிறது, எது மிச்சமிருக்கிறது, மிச்சமிருப்பதை வைத்து ஆடக்கூடிய இடம் நம் அணியில் இருக்கிறதா?

அரிசோனாவில் அந்த இடம் இருந்தது. 2013இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த புரூஸ் ஏரியன்ஸ் அவரை மைதான ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தார். ஸ்லாட் என்று சொல்லப்படும் இடம், ஓர ரிசீவருக்கும் முன்வரிசைத் தடுப்பாளர்களுக்கும் நடுவே உள்ளது. ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு. எதிரணியின் மிகச் சிறந்த ஓரக் காவல்காரரான கார்னர்பேக் மூக்குக்கு நேரே நின்று நெஞ்சில் இடிப்பார். உள்ளே நின்றால் இடமும் திரும்பலாம், வலமும் திரும்பலாம். எதிரே நிற்பவர் பெரும்பாலும் இரண்டாம் நிலைக் காவல்காரர், அல்லது உடம்பு பருத்த லைன்பேக்கர். எறியும் தூரமும் குறைவு. கால் தரமுடியாததை இங்கே மூளை ஈடுகட்டலாம். வேகம் குறைந்த பந்துவீச்சாளர் கட்டரும் மெதுபந்தும் கற்றுக்கொண்டு இன்னும் நான்கு வருடம் ஓட்டுவதைக் கிரிக்கெட்டில் பார்த்திருப்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே நிற்பவர் தன்னைவிடப் பெரியவர்களை மோதித் தடுத்து, பந்தோடு ஓடுபவருக்கு வழி விடவேண்டும். அந்த வேலைக்குக் கணக்கேட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. உச்ச நட்சத்திரமாக இருந்தவரிடம் போய் இனிமேல் நீ இடிக்கும் வேலை செய் என்று சொன்னால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அவர் சம்மதித்தார். நன்றாகவும் செய்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த ஆண்டுகளில்தான்.

ஏரியன்ஸ் இதைக் குருட்டாம்போக்கில் செய்யவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியில் தாக்குதல் பிரிவை நடத்தியவர் அவர். தலைமைப் பயிற்சியாளர் நோயுற்றபோது அணியையே நடத்தினார். அங்கே ரெஜி வெய்ன் என்ற முதுபெரும் ரிசீவரை இதேபோல உள்ளே கொண்டுவந்து ஆடவைத்தார். பருவத்தின் நடுவில் 34 வயதைத் தொட்ட வெய்ன் அந்த ஆண்டு 106 பந்து பிடித்து 1,355 யார்டு எடுத்தார். மருந்து ஏற்கெனவே ஒருமுறை வேலை செய்திருந்தது.

இனிப் பணம். இந்த ஆட்டத்தின் தலைமை லீக்கான என்.எஃப்.எல்லில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. 2015இல் அது சுமார் 14.3 கோடி டாலர். ஐம்பத்து மூன்று பேர் கொண்ட அணியை இந்த வரம்புக்குள் கட்டவேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டின் பழைய ஒப்பந்தப்படி அந்த ஆண்டு அவர் பேரில் ஏறவிருந்த கணக்கு 2.36 கோடி. மொத்த வரம்பில் ஆறில் ஒரு பங்கு, ஒரே ஆளுக்கு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைச் சுமந்துகொண்டு அணி கட்ட முடியாது.

இவ்வளவு பெரிய எண் எப்படி வந்தது? ஒப்பந்தம் எழுதும்போது கையில் கொடுக்கும் சைனிங் போனஸை அணிகள் கணக்கில் ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதலாம். 2.5 கோடி கொடுத்தால் ஆண்டுக்கு 50 லட்சம் என்று ஏறும். இரண்டு ஆண்டில் ஆளை நீக்கினால் மிச்ச 1.5 கோடியும் மொத்தமாக வந்து உட்காரும். ஆள் இல்லை, கணக்கு மட்டும் இருக்கும். டெட் மணி, செத்த பணம் என்பார்கள். இந்த ஆண்டு நெருக்கடி என்று சம்பளத்தைப் போனஸாக மாற்றிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால், வீரரின் முட்டி தேயத் தொடங்கும் வயதில் கணக்கு உச்சியில் நிற்கும். நன்றாக ஆடிய காலத்துக் கடனை ஆடமுடியாத காலத்தில் அடைப்பது என்று இதைச் சொல்லலாம்.

2015 பிப்ரவரியில் இரு தரப்பும் பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதின. இரண்டு ஆண்டுகள், 2.2 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். சம்பளக் குறைப்பு என்றுதான் செய்திகள் வந்தன. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பழைய ஒப்பந்தத்தில் இருந்த பெரிய தொகைகளில் உத்தரவாதம் இல்லாதவற்றை அணி எந்தக் கோடையிலும் துடைத்துவிடலாம். என்.எஃப்.எல் ஒப்பந்தத்தில் தலைப்பில் போடும் தொகை வேறு, வீட்டுக்கு வரும் தொகை வேறு. உத்தரவாதம் உள்ளதுதான் பணம், மற்றது எண்ணம். அந்த வகையில் அவர் பெரிய எண்ணத்தைக் கொடுத்துச் சிறிய பணத்தை வாங்கினார். அணியோ, மூன்றாவது ஆண்டின் அபாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் தப்பியது.

இந்தத் தலைப்புத் தொகை விஷயத்துக்குச் சமீபத்திய உதாரணம் ரிசீவர் டவான்டே ஆடம்ஸ். 2022இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அவருக்கு 5 ஆண்டு, 14 கோடி என்று எழுதியது. கடைசி இரு ஆண்டுகளுக்குத் தலா 3.5 கோடிக்கு மேல் சம்பளம் என்று போட்டிருந்தார்கள். யாரும் கொடுக்கப்போகாத தொகை. சராசரியை உயர்த்திக் காட்டத்தான் அது அங்கே இருந்தது. 2024 அக்டோபரில் அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குக் கைமாறினார். 2025 மார்ச்சில், அந்தப் பெரிய ஆண்டு தொடங்கும் முன், ஜெட்ஸ் விடுவித்தது. 32 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2 ஆண்டு, 4.4 கோடிக்கு எடுத்தது. அதே மாதம் ராம்ஸ் தன் சொந்த நாயகனான ரிசீவர் கூப்பர் கப்பை, ஆடம்ஸைவிட இளையவரை, வெளியே அனுப்பியது. 2025இல் ஆடம்ஸின் யார்டு 800ஐத் தொடவில்லை. டச் டவுன் 14. கோட்டருகே, நெருக்கடியான இடத்தில், காவல்காரரை ஓரடி ஏமாற்றுவது அவருக்கு இன்னும் கைவந்த கலை. ராம்ஸ் காசு கொடுத்தது அந்த ஓரடிக்கு.

2015க்கு வருவோம். ஃபிட்ஸ்ஜெரால்டைப் போலவே இன்னொரு மூத்த ரிசீவர் அதே மாதங்களில் முச்சந்தியில் நின்றார்: ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் ஆண்ட்ரே ஜான்சன். பன்னிரண்டு ஆண்டு ஒரே அணி, 33 வயது. 2014இல் அவர் எடுத்தது 85 பந்து, 936 யார்டு. ஃபிட்ஸ்ஜெரால்டின் 784ஐவிட அதிகம். மொத்த யார்டை மட்டும் பார்த்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜான்சனைத்தான் எடுத்திருப்போம். இனிமேல் உங்கள் பங்கு குறையும் என்று ஹூஸ்டன் சொன்னது, அவர் ஏற்கவில்லை, பிரிந்தார்கள். இண்டியானாபோலிஸ் 3 ஆண்டு, 2.1 கோடிக்கு எழுதியது. அங்கே 41 பந்து, 503 யார்டு. ஒரே ஆண்டில் ஒப்பந்தம் முடிந்தது.

ஜான்சனுக்கு நியாயமாகச் சொல்லவேண்டும். இண்டியானாபோலிஸ் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் அந்த ஆண்டு 7 ஆட்டம்தான் ஆடினார். 2012இல் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நான் கொடுத்த சலுகையை ஜான்சனுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் புதிய அணி, புதிய குவார்ட்டர்பேக், பழைய வேலை என்ற சேர்க்கை 34 வயதில் கடினம். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாய்த்தது நேர்மாறு: பழைய அணி, தெரிந்த குவார்ட்டர்பேக், புதிய வேலை.

விளைவு எல்லோருக்கும் தெரியும். 2015இல் 145 பந்து எறியப்பட்டு 109ஐப் பிடித்தார், நூற்றுக்கு எழுபத்தைந்து. 1,215 யார்டு, 9 டச் டவுன். 2016இல் 107 பந்து. அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம். 2017இல் மீண்டும் 109. ஒரு பந்துக்கான சராசரி தூரம் மட்டும் 2011இன் 17.6 யார்டிலிருந்து 2015இல் 11.1, 2016இல் 9.6 என்று இறங்கியது. அவர் செய்த வேலை மாறிவிட்டதற்கு அந்த எண்தான் சாட்சி. நீண்ட பந்துகளுக்கு ஓட ஜான் பிரவுன், மைக்கேல் ஃபிளாய்ட் என்ற இளையவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரணியின் பின்வரிசையை இழுத்துக்கொண்டு ஓட, நடுவில் காலியான நிலத்தை இவர் உழுதார். கிளெண்டேலில் அந்த 75 யார்டும் இந்த அறிவின் பலன்தான்: பால்மர் தடுமாறியதும் வகுத்த பாதை செல்லாது என்று உணர்ந்து, யாரும் காக்காத பக்கத்தில் போய் நின்றிருந்தார்.

அந்த இரவை வைத்து விலை போடக் கூடாது என்பதும் உண்மை. அடுத்த வாரமே கரோலினாவிடம் அணி 49-15 என்று நொறுங்கியது. அவர் எடுத்தது 30 யார்டு.

வயது பற்றிப் பேசும்போது இன்னொரு பொறி உண்டு. 33 வயதில் ஆடும் ரிசீவர்களின் சராசரியை எடுத்தால் அது அவ்வளவு மோசமாக இருக்காது. காரணம், 31இலும் 32இலும் சரிந்தவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். அவர்களைக் காட்டி, பாருங்கள் 33இலும் ஆடலாம் என்பது, கிணற்றில் விழுந்து ஏறி வந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டுக் கிணறு ஆழமில்லை என்பதற்குச் சமம். ஜெர்ரி ரைஸ் 40 வயதில், 2002இல், ஓக்லாண்ட் அணிக்காக 92 பந்து, 1,211 யார்டு எடுத்தார். அது வழிகாட்டி அல்ல, விதிவிலக்கு. எதிர்ப்புறம் டெரல் ஓவன்ஸ்: 2010இல், 37ஐ எட்டும் வயதில், 983 யார்டும் 9 டச் டவுனும் எடுத்தார். அடுத்த ஆண்டு முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன் பிறகு ஒரு என்.எஃப்.எல் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த வயதில் சரிவு பெரும்பாலும் படிக்கட்டில் இறங்குவதாக இருக்காது. தரை பிளந்து விழுவதாகத்தான் இருக்கும். நீண்ட ஒப்பந்தத்துக்கு அணிகள் பயப்படுவது அதனால்தான்.

அரிசோனா இதைப் புரிந்துகொண்டு நடந்தது. அந்த இரண்டு ஆண்டுக்குப் பிறகு 2017, 2018, 2019, 2020 என்று ஒவ்வோர் ஆண்டாகவே நீட்டித்தார்கள்; ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி. 2018இல் 734 யார்டு, 2019இல் 804. நட்சத்திரத்தின் எண்கள் அல்ல. ஆனால் உடை மாற்றும் அறையில் இளையவர்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை டாலரில் எழுத எனக்கு வழி தெரியாது. பூஜ்யம் என்று எழுதுவது தவறு என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

2020இல் 27 வயது ரிசீவர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் ஹூஸ்டனிலிருந்து வந்தார். அந்தப் பருவத்தில் அவர் 1,407 யார்டு எடுத்தார். அணியின் நீண்டகாலப் பணமும் அவர் பக்கம் போனது. ஃபிட்ஸ்ஜெரால்டை நோக்கி எறியப்பட்டவை 72, பிடித்தவை 54. நூற்றுக்கு எழுபத்தைந்து, 2015இல் இருந்த அதே விகிதம். கை கடைசி வரை கைவிடவில்லை. ஆனால் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் 2015இல் 8.4 யார்டு கிடைத்தது, 2020இல் 5.7. பிடித்த இடத்திலேயே விழுந்தார். அப்போது வயது 37. பதினேழு ஆண்டுகளில் 1,432 பந்து, 17,492 யார்டு. இரண்டிலும் அவருக்கு முன்னால் ரைஸ் ஒருவர்தான். அடுத்த பருவத்துக்கு அவர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை.